கால் மணி நேரக் கதவு

கழக்கூட்டம்,
9 நவம்பர் 2003

அன்புள்ள அத்தைக்கு ஜானவியின் நமஸ்காரங்கள்.

நான் சௌக்கியம். நீங்களும் வெங்கிடேஷும் மன்னியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மன்னிக்கு இது ஒன்பதாவது மாதம் அல்லவா, கால் வீக்கம் வடிந்ததா என்று எழுதுங்கள். உங்கள் வலது காது எப்படி இருக்கிறது? போனில் பேசலாம் என்றால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஹெட்செட் மாட்டிய காதில் இனித் தோட்டைத் தவிர எதுவும் ஏறாது என்று ரிடையர் ஆன அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள். ஆகவே கடிதம்.

ஒரு பெரிய உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். அஜின், பிரஜின் என்று மார்த்தாண்டத்து இரட்டையர்கள் என்னோடு காலேஜில் படித்தார்களே, நினைவிருக்கிறதா? அவர்களும் நானும் சேர்ந்து சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறோம். இன்டர்நெட்டில் தமிழிலேயே கடிதம் எழுதி அனுப்ப ஒரு தளம் செய்திருக்கிறோம். கைமடல் என்று பெயர். இப்போது இருக்கும் மாடி அறையை மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் அங்கே பியூட்டி பார்லர் வைக்கப் போகிறார். கழக்கூட்டத்தில் வேறு இடம் எங்களுக்கு எட்டாது.

உங்கள் கரமனை வீடு பூட்டித்தானே கிடக்கிறது? கூடத்தை மட்டும் எங்களுக்குத் தர முடியுமா? மேஜைகள், கம்ப்யூட்டர்கள், ஒரு டெலிபோன். அவ்வளவுதான் எங்கள் சாமான். பூஜை அறைப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். அஜினும் பிரஜினும் மீன் சாப்பிடுகிறவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடம் கிடைக்காவிட்டால் அவர்கள் பெங்களூரில் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் தென்காசிக்கு அப்பா அம்மாவிடம் போய் உட்கார வேண்டியதுதான். கம்பெனி என்று ஒன்று இருக்காது.

நீங்கள் வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். வருத்தமாகத்தான் இருக்கும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜானவி


மஸ்கட்,
28 நவம்பர் 2003

சிரஞ்சீவி ஜானவிக்கு அத்தை சூடாமணியின் ஆசீர்வாதங்கள். இங்கே நாங்கள் எல்லோரும் க்ஷேமம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு க்ஷேமமாக இருக்கிறாயா?

மன்னிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் சுகம். குழந்தைக்கு உன் அத்திம்பேரின் மூக்கு, என் குரல். அவள் அழ ஆரம்பித்தால் தீபாவளிக்கு முதல் நாள் எக்ஸ்சேஞ்சில் எங்கள் டிரங்க் போர்டு கத்துமே, அதுதான் நினைவுக்கு வருகிறது. வெங்கிடேஷ் தூக்கமில்லாமல் ஆபீஸ் போய் வருகிறான். அவனைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கைக்குழந்தையில் அவன் என்னைப் படுத்தியது கொஞ்சமா? என் காது அப்படியேதான் இருக்கிறது. கேட்க வேண்டாததெல்லாம் நன்றாகக் கேட்கிறது.

என் பழக்கம் உனக்குத் தெரியும். முதலில் உடம்பு விசாரணை, அப்புறம் ஊர் சமாசாரம், விஷயம் கடைசியில். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூடத்தில் இதுவரை செருப்புக் காலோடு யாரும் நடந்ததில்லை. உன் அத்திம்பேர் ரேடியோவைக்கூட மெதுவாகத்தான் வைப்பார். அவர் போன பிறகும் வாசலில் அவர் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது. மேஜை, கம்ப்யூட்டர் என்று நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். வேண்டாம் என்று எழுதவில்லை. சரி என்றும் எழுதவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

தபால் போய்வர மூன்று வாரம் ஆகிறது. வெங்கிடேஷ் என்னைக் கேலி செய்கிறான். உன் மருமாள் ஜானவியே கடிதத்துக்குத் தளம் நடத்தறா, நீ ஸ்டாம்புக்கு நாக்கை நீட்டிண்டு இருக்கியே என்கிறான். அந்தத் தளத்தில் என்னையும் சேர்த்துக்கொள். ஹெட்செட் இல்லையென்றால் எந்த மெஷினோடும் எனக்குப் பகையில்லை.

ஆசீர்வாதங்களுடன்
அத்தை


கழக்கூட்டம்,
12 டிசம்பர் 2003

அன்புள்ள அத்தைக்கு நமஸ்காரம். குழந்தையின் வரவு கேட்டு இங்கே மூன்று பேரும் பால் பாயசம் வாங்கிச் சாப்பிட்டோம். மன்னிக்குப் பத்திய சாப்பாட்டை நீங்களே சமைக்கிறீர்களா? உங்கள் இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைமடலில் உங்களைச் சேர்த்துவிட்டேன். நுழையும் பெயரும் ரகசியச் சொல்லும் வெங்கிடேஷுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழ் எழுத்துகள் திரையிலேயே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாக அழுத்தி எழுதலாம். முடித்ததும் ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்துங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் உள்ளே நுழைந்ததும் தளம் உங்களுக்கு ஒரு டோக்கன் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் தருவார்களே, அது மாதிரிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒவ்வொரு காரியத்துக்கும் கம்ப்யூட்டர் அந்த டோக்கனைக் காட்டும். அதற்குக் கால் மணி நேரம்தான் ஆயுசு. இங்கே பிரவுசிங் சென்டரில் ஒருத்தர் தன் கடிதத்தைத் திறந்தபடியே எழுந்து போய்விட்டார். அடுத்து வந்தவன் சத்தம் போட்டு எல்லோருக்கும் படித்துக் காட்டினான். அதைப் பார்த்த பிறகு கால் மணி என்று தீர்மானித்தது நான்தான். அஜின் ஒரு நாள் முழுக்க வைக்கலாம் என்றான். நான் விடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆகவே கதவு தானாகவே சாத்திக்கொண்டு, மறுபடியும் உங்கள் பெயரையும் ரகசியச் சொல்லையும் கேட்டால் பயப்படாதீர்கள். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டைப் பற்றி யோசித்தீர்களா?

அன்புடன்
ஜானவி


மஸ்கட், கைமடல் வழியாக
2 ஜனவரி 2004

சி. ஜானுவுக்கு ஆசீர்வாதம். நலம். நீயும் நலமா?

இது என் முதல் கைமடல். ஒற்றை விரலால் எழுதுகிறேன். ‘ழ’ எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் காப்பி ஆறிவிட்டது. வெள்ளிக்கிழமை இங்கே லீவு என்பதால் அன்றைக்குத்தான் வெங்கிடேஷின் கம்ப்யூட்டர் எனக்குக் கிடைக்கும். குழந்தை நன்றாக இருக்கிறாள். வீட்டு விஷயம் யோசனையில் இருக்கிறது. இது போய்ச் சேர்ந்தால் எழுது.

அத்தை


கழக்கூட்டம், கைமடல் வழியாக
5 ஜனவரி 2004

அன்புள்ள அத்தைக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம்தானே?

வந்து சேர்ந்தது. நீங்கள் பொத்தானை அழுத்திய அந்த நிமிஷமே இங்கே வந்துவிட்டது. பிரஜின் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினான். கடல் தாண்டி வந்த எங்கள் முதல் கடிதம் உங்களுடையதுதான்.

அவர்களுடைய மாமா பெங்களூரில் ஏதோ கம்பெனியில் சொல்லிவைத்திருக்கிறாராம். அவர்களுக்குப் போக மனசில்லை. ஆனால் மார்ச்சுக்குப் பிறகு எங்கே உட்கார்ந்து வேலை செய்வது என்று தினமும் கேட்கிறார்கள். அதனால் உங்கள் யோசனை முடிந்ததும் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

கழுத்தை வளைத்துக்கொண்டு உட்காராதீர்கள். முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜானவி


மஸ்கட், கைமடல் வழியாக
16 ஜனவரி 2004

சி. ஜானுவுக்கு ஆசீர்வாதம். நேற்றுப் பொங்கல். கரும்பு கிடைத்தது, மஞ்சள் கொத்துக் கிடைக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். குழந்தைக்கு லேசாக ஜலதோஷம். அழுகிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தில் என் மனசில் இருந்ததை எழுதியாயிற்று. எழுதியதை மாற்றி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. இனி அதைப் பற்றி என்னைக் கேட்க வேண்டாம். மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பார்.

அத்தை


கழக்கூட்டம், கைமடல் வழியாக
20 ஜனவரி 2004

அத்தைக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. புரிந்துகொண்டேன். குழந்தைக்கு ஜலதோஷம் குணமாயிற்றா? மன்னியைக் கேட்டதாகச் சொல்லவும். இங்கே வேலை நடக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

ஜானவி


மஸ்கட், கைமடல் வழியாக
6 பிப்ரவரி 2004

சி. ஜானவிக்கு ஆசீர்வாதம். நலம். குழந்தை குப்புற விழப் பார்க்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்தேன். படித்தேன் என்பதைவிடப் பார்த்தேன் என்று சொல்லலாம், நாலு வரிதானே. வெள்ளிக்கிழமைதோறும் வெங்கிடேஷ் மார்க்கெட்டுக்குப் போகிற நேரம் பார்த்து இந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து உனக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறேன். அதற்கு நாலு வரிப் பதில். நன்றி என்று ஒரு வார்த்தை வேண்டாம். பிடித்தது, பிடிக்கவில்லை என்றாவது சொல்லலாம் இல்லையா? இந்தக் காலத்துப் பெண்கள் இப்படித்தான் போலிருக்கிறது.

வெங்கிடேஷ் வந்துவிட்டான்.

அத்தை


கழக்கூட்டம், கைமடல் வழியாக
9 பிப்ரவரி 2004

அன்புள்ள அத்தைக்கு அநேக நமஸ்காரம்.

உடம்பு விசாரணையை இன்றைக்குக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். மன்னித்துவிடுங்கள். அத்தை, எந்தப் பக்கம் பக்கமான கடிதம்? உங்களிடமிருந்து கைமடலில் எனக்கு வந்தவை எல்லாமே சின்னக் கடிதங்கள். உங்கள் பொங்கல் கடிதத்தைப் படித்துவிட்டு, நவம்பரில் தபாலில் எழுதினீர்களே, செருப்புக் காலோடு யாரும் நடந்ததில்லை என்று, அதைத்தான் உங்கள் முடிவாகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். வீடு கிடையாது என்று நினைத்து அழுதேன். அதற்கப்புறம் கரமனைப் பக்கமே போகவில்லை. பஸ் அந்த வழியாகப் போனாலும் மறுபக்க ஜன்னலில்தான் உட்காருவேன்.

இன்று காலை உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பிரஜினிடம் கேட்டேன். தளத்தில் யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று தானாகவே பதிவாகும். என்ன எழுதினார்கள் என்பது பதிவாகாது. அதைத் திறந்து பார்த்துவிட்டு அவன், “ஜானவி, மஸ்கட்டுல இருந்து ஒரு ஆளு எல்லா வெள்ளிக்கிழமையும் அடச்ச கதவுல வந்து முட்டிட்டுப் போவுது. பாவம், என்னவோ பெரிசா எழுதுது” என்றான்.

அந்த ஆள் நீங்கள்தான். நீங்கள் நிதானமாக எழுதி முடிப்பதற்குள் டோக்கனின் கால் மணி முடிந்துவிடுகிறது. அப்புறம் ‘அனுப்பு’ என்று அழுத்தினால், செத்துப்போன டோக்கனைப் பார்த்துவிட்டுத் தளம் கடிதத்தை வாங்காமல் கதவைச் சாத்திவிடுகிறது. எழுதியது அத்தனையும் போயிற்று. சின்னக் கடிதங்கள் மட்டும் பிழைத்து வந்திருக்கின்றன. கதவு சாத்தினால் பயப்படாதீர்கள் என்று உங்களுக்கு எழுதிய மகராசியும் நான்தான்.

அந்தக் கடிதங்களைத் திரும்ப எடுக்க வழியில்லை. என்ன எழுதியிருந்தீர்கள்? தருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி போதும். நான் எதையும் தாங்கிக்கொள்வேன்.

எல்லோரும் சௌக்கியமா? கழுத்து வலி எப்படி இருக்கிறது?

ஜானவி


மஸ்கட், கைமடல் வழியாக
13 பிப்ரவரி 2004

சி. ஜானுவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நலம், என் கழுத்தைத் தவிர.

வெங்கிடேஷை வாட்சும் கையுமாகப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எழுதுகிறேன். பெரிய கடிதத்துக்கெல்லாம் கதவு சாத்தியதைப் பார்த்து, ஆகா, வாங்கிப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சின்னக் கடிதத்துக்கு ‘சென்றது’ என்று சொல்லும். பெரியது கனமாயிற்றே, பேசத் தெம்பில்லாமல் பூட்டிக்கொள்கிறது என்று நினைத்தேன். சிரிக்காதே.

எங்கள் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம். மூன்று நிமிஷம் ஆனதும் கம்பியைப் பிடுங்கிவிடுவோமா? லைனில் வந்து, “த்ரீ மினிட்ஸ் ஆயிடுத்து, எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா?” என்று கேட்போம். பேசுகிறவர் சரி என்றால் பேச்சு அறுந்துபோகாமல் தொடரும். உன் பெட்டிக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

ஒரு வரிப் பதில் கேட்கிறாய். தர மாட்டேன். என் ஒரு வரியை நீ எப்படிப் படிப்பாய் என்றுதான் பார்த்தாயிற்றே. தபாலிலும் எழுத மாட்டேன். நீ செய்த சாமான் உபயோகமில்லை என்று நானே சொன்னது போல் ஆகிவிடும். லைனைச் சரிசெய். சரிசெய்வாய் என்று எனக்குத் தெரியும். அதில்தான் என் பதில் வரும்.

வெங்கிடேஷ் கையைக் காட்டுகிறான்.

அத்தை


கழக்கூட்டம், கைமடல் வழியாக
24 பிப்ரவரி 2004

அன்புள்ள அத்தைக்கு நமஸ்காரம். குழந்தையும் மன்னியும் சௌக்கியமா? நான் நன்றாக இருக்கிறேன். சரியாகத் தூங்கவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறேன்.

லைன் சரியாகிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்த ‘எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா’ காதிலேயே நின்றுவிட்டது. அஜின் மறுபடியும் ஒரு நாள் டோக்கன் போடலாம் என்றான். அது யார் கையிலாவது சிக்கினால் ஒரு நாள் முழுக்க அவன்தான் நீங்கள். அதனால் இரண்டு டோக்கன் வைத்திருக்கிறோம். சின்னதற்குப் பழையபடி கால் மணிதான் ஆயுசு. உள்ளே எல்லாக் காரியத்துக்கும் அதைத்தான் காட்ட வேண்டும். பெரியது ரொம்ப நாள் இருக்கும். ஆனால் அதை ஒரே ஒரு கவுன்டரில்தான் காட்ட முடியும். அங்கே காட்டினால் புதுசாக ஒரு சின்ன டோக்கன் கிடைக்கும், அவ்வளவுதான். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, சின்னது சாகப்போகிற சமயத்தில், திரையில் இருக்கும் பக்கம் தானே பின்னால் போய்ப் பெரியதைக் காட்டி வேறு வாங்கிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. சின்னது திருட்டுப் போனாலும் கால் மணிக்கு மேல் யாரும் ஆட்டம் போட முடியாது. பெரியதன்மேல் சந்தேகம் வந்தால் விலக்கிவிடலாம். அதோடு சரி. சொந்தக் கம்ப்யூட்டர் என்று சொல்கிறவர்களுக்குத்தான் பெரியது உண்டு, பிரவுசிங் சென்டரில் பழைய கால் மணிக் கதவுதான்.

பெரிய டோக்கனுக்கு எவ்வளவு ஆயுசு என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒரு மாதம், ஆறு மாதம், நானே விலக்கும்வரை என்று மூன்று உண்டு.

ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அஜின்தான் எடுக்கிறான். எடுத்ததும் யார் என்பதற்கு அவர்கள் ஊர்ப் பேச்சில் “ஆராக்கும்?” என்கிறான். நேற்று ஒரு ஆள் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் தளத்தைப் பற்றி விசாரிக்கக் கூப்பிட்டவர்.

அத்தை, பெங்களூரிலிருந்து அவர்கள் இருவருக்கும் வேலை வந்துவிட்டது. மார்ச் முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வெள்ளிக்கிழமை மெதுவாக எழுதுங்கள். நடுவில் எழுந்து போய்க் காப்பி குடியுங்கள். கதவு சாத்தாது. சாத்தினால் நான் இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன்.

ஜானவி


மஸ்கட், கைமடல் வழியாக
27 பிப்ரவரி 2004

சிரஞ்சீவி ஜானவிக்கு அத்தை சூடாமணியின் அநேக ஆசீர்வாதங்கள். இங்கே நான், வெங்கிடேஷ், மன்னி, குழந்தை எல்லோரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கும் கரமனை, தென்காசி எல்லோருடைய க்ஷேமத்துக்கும் பிரார்த்தனை.

குழந்தைக்கு இன்னும் பெயர் நிலைக்கவில்லை. ஏட்டில் ஒன்று, வாயில் ஒன்று. மன்னிக்கு உடம்பு தேறிவிட்டது. இப்போது என் சமையலில் உப்புக் குறை சொல்கிறாள், அதுவே நல்ல அறிகுறி. இங்கே இன்னும் குளிர் போகவில்லை. சாயங்காலம் கடற்கரையில் நடக்கிறோம். நம்மூர்ச் சங்குமுகத்துக் காற்று இல்லை, ஆனால் சுத்தமாக இருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். காப்பி குடித்தேன். குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கப் போட்டேன். வெங்கிடேஷ் மார்க்கெட்டிலிருந்து வந்து காய் நறுக்கியும் ஆயிற்று. வந்து பார்த்தால் என் கடிதம் விட்ட இடத்தில் அப்படியே இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. நீ தொழிலை விட வேண்டாம்.

இனி விஷயம். முதல் தடவை என்ன எழுதினேனோ அதையேதான் எழுதுகிறேன். மாற்றி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

உன் கடிதம் வந்தபோது முதலில் மனசு ஒப்பவில்லை என்பது நிஜம். பல நாள் யோசித்தேன். எங்கள் தெருவில் முதன்முதலில் நைட் டூட்டிக்குப் போன பெண் நான்தான். ராத்திரியில் வேலைக்குப் போகிறாளாம் என்று பின்னால் பேசாதவர்கள் குறைவு. உன் அத்திம்பேர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, விளக்கைப் போட்டுவிட்டு, நான் வருகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். வேலைக்குப் போன பெண்ணுக்காக விளக்கு எரிந்த கூடம் அது. இப்போது நீ வேலை செய்ய இடம் கேட்கிறாய். இல்லை என்று பூட்டி வைத்தால் அந்த மனுஷர் என்னை மன்னிக்க மாட்டார். எனக்கும் மனசு வராது. கூடத்தை எடுத்துக்கொள்.

செருப்பு வாசற்படியோடு நிற்கட்டும். மீனை அந்தப் பையன்கள் பஸ் ஸ்டாப் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வரட்டும். யார் கையையும் நான் முகர்ந்து பார்க்கப் போவதில்லை. அத்திம்பேர் பலகையைக் கழற்றாதே. அதற்குக் கீழே உங்கள் பலகையை மாட்டு. ராமசுப்ரமணியன், அதற்கடியில் கைமடல். எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நீ தலையில் கை வைத்துக்கொள்ளப் போகிற சமாசாரம். சாவி அடுத்த வீட்டு நாகலக்ஷ்மியிடம் இருக்கிறது. உனக்கு முதல் பெரிய கடிதம் எழுதிய கையோடு, ஊருக்குப் போன வெங்கிடேஷின் சிநேகிதனிடம் அவளுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன். ஜானு வந்து கேட்டால் தினமும் காலையில் சாவியைக் கொடு, சாயங்காலம் திரும்ப வாங்கி வைத்துக்கொள், நான் வேண்டாம் என்று எழுதும்வரை இதுதான் ஏற்பாடு என்று எழுதியிருந்தேன். உன்னிடமே சாவியைத் தரச் சொல்லவில்லை. குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வருகிறவள் நீ. சாவி தொலைந்தாலும் ஒரு பகல் சாவிதான் தொலைய வேண்டும், ஏற்பாடு தொலையக் கூடாது. உன் சின்ன டோக்கன், பெரிய டோக்கன் விவரத்தைப் படித்துவிட்டு வெங்கிடேஷிடம் சொன்னேன், இவ ராத்தூக்கம் முழிச்சுக் கண்டுபிடிச்சதை நானும் நாகலக்ஷ்மியும் மார்கழியிலேயே பண்ணியாச்சு என்று. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நாகலக்ஷ்மி கூடத்தைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு உனக்காகக் காத்திருக்கிறாள். போன மாதம் எனக்கு எழுதியிருந்தாள், “ஜானு வரவே இல்லையே மாமி, பழைய வீடு அவளுக்குக் குறைச்சலாப் பட்டுதோ என்னமோ” என்று. அதைப் படித்த கோபத்தில்தான் நாலு வரிக்காக உன்னோடு சண்டை பிடித்தேன். நீ மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்து அழுதுகொண்டு போனாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாளைக் காலையில் அவளிடம் போய் நில். அந்தப் பையன்கள் இருவரும் பெங்களூருக்கு வரவில்லை என்று இன்றைக்கே எழுதட்டும்.

டோக்கனுக்கு ஆயுசு கேட்டது உன் பெட்டி. ‘நானே விலக்கும்வரை’ என்பதை அழுத்தினேன். கூடத்துக்கும் அதே பதில்தான். விலக்குகிற உத்தேசம் இல்லை.

சித்திரை விஷுவுக்கு முன்னால் ஊருக்கு வருகிறேன். அத்தை வந்தால் எங்கே போவது என்று நீ இப்போதே கவலைப்பட ஆரம்பித்திருப்பாய். எனக்குப் பின்கட்டு போதும். காலையில் வந்து இறங்கினால் நீ கதவைத் திற. சாயங்காலம் வந்தால் நாகலக்ஷ்மியிடம் நானே சாவி வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. “ஆராக்கும்” என்றா ஒரு கம்பெனி டெலிபோனை எடுப்பது? நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் போனை வாசல் ஜன்னல் பக்கமாக, சின்ன மேஜைமேல் வை. இடது காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் வருகிறவரை அஜின் அதைத் தொட வேண்டாம். மணி அடித்தால் அடிக்கட்டும். நான் வந்து எடுக்கிறேன்.

அத்தை
சூடாமணி